65 டாலரும் இரண்டு எழுத்துகளும்

மகள் மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சியை முடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "அம்மா, ஏ.ஓ.ஏ.ல இருந்து மெயில் வந்திருக்கு. இதுவரைக்கும் ஸ்டூடன்ட், ரெசிடென்ட்னு சலுகை. இனிமே வருஷா வருஷம் சந்தா. சேரணுமா?" என்று கேட்டாள். ஏ.ஓ.ஏ. என்பது அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்த டி.ஓ. மருத்துவர்களின் சங்கம். "கட்டாயமா?" என்றேன். "இல்ல. முன்னாடி மாதிரி இல்ல இப்ப." "அப்புறம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டேன். அவள் பதில் பேசவில்லை. லேப்டாப்பை மூடி ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுச் சட்னியை எடுத்துக்கொண்டாள்.

அந்த 'எதுக்கு' அன்றிரவு என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் ஏழு வருடத்துக்கு முன்னால் இதே விஷயத்தில் இன்னொரு பதில் சொல்லியிருந்தேன். அது இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது.

காரில் கேட்ட கேள்வி

2018 தீபாவளி. இங்கே மிச்சிகனில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். அவரவர் சமைத்த பாத்திரத்தோடு வந்து, சாக்ஸ் போட்ட கால்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கமான கூட்டம்தான். மகள் அப்போதுதான் டி.ஓ. கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்திருந்தாள். நான் மதிக்கும் ஒரு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பொண்ணு மெடிக்கல் ஸ்கூல்னு கேள்விப்பட்டேன். எம்.டி. தானே?" என்று கேட்டார். "டாக்டருக்குத்தான் படிக்கிறா அக்கா, ஃபர்ஸ்ட் இயர்" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார், பேச்சு வேறெங்கோ போயிற்று. திரும்பிப் பார்த்தால் என் பின்னால் மகள் நின்றிருந்தாள்.

வீட்டுக்கு 20 நிமிடப் பயணம். பாதி தூரம் வரை வண்டியில் சத்தமே இல்லை. பிறகு அவள் சொன்னாள்: "நீ பொய் சொல்லலம்மா. ஆனா சொல்லவும் இல்ல." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

இந்தியாவில் எம்.டி. என்பது மேற்படிப்பு. அமெரிக்காவிலோ மருத்துவத்துக்கான முதல் பட்டமே இரண்டு விதம், ஒன்று எம்.டி., இன்னொன்று டி.ஓ. என்ற ஆஸ்டியோபதிக் மருத்துவப் பட்டம். இரண்டுக்கும் நான்கு வருடக் கல்லூரி, அதன் பிறகு அதே ரெசிடென்சி, அதே உரிமைகள். டி.ஓ. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், பிரசவம் பார்க்கலாம். கூடுதலாகக் கல்லூரியில் ஏறக்குறைய 200 மணி நேரம் கையால் தொட்டுச் செய்யும் சிகிச்சையைக் கற்றுக்கொள்கிறார்கள். இன்றைக்கு இந்த நாட்டில் மருத்துவம் படிக்கும் நான்கு பேரில் ஒருவர் டி.ஓ. கல்லூரியில் படிக்கிறார். இதெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த இரண்டு எழுத்தை என் வாய் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்திலும் இந்தப் பெயர் ஆளுக்கொரு விதமாகவே புரிந்தது. மதுரையில் அப்பா ஃபோனில், "ஆர்த்தோவா, ஹோமியோவா? ஒண்ணைச் சொல்லும்மா" என்றார். லண்டனில் இருக்கும் சித்தி மகன், "ஆஸ்டியோபாத்னா இங்க மருந்து எழுத முடியாதுக்கா, முதுகுவலிக்குத்தான் போவாங்க" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. பிரிட்டனில் ஆஸ்டியோபதி 1993ல் வந்த தனிச்சட்டத்தின் கீழ் நடக்கும் தனித்தொழில். அவர்கள் கையால் சிகிச்சை செய்பவர்கள், முழு மருத்துவர்கள் அல்லர். ஒரே வேரிலிருந்து கிளம்பியது கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறொன்றாகவும் வளர்ந்திருக்கிறது. ஏன் என்று தேடிப் போனபோதுதான் இந்தச் சங்கம் என் கண்ணில் பட்டது.

மிசௌரியில் தொடங்கியது

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் வைத்தியம் தெரிந்தவர். 1864ல் மூளைக் காய்ச்சல் வந்து அவர் வீட்டில் மூன்று குழந்தைகள் இறந்துபோயின. அவரும் மற்ற வைத்தியர்களும் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதரசம், அபின், சாராயம், ரத்தம் வெளியேற்றுவது என்றிருந்தது அந்தக் கால வைத்தியம். அந்தத் துக்கத்திலிருந்துதான் அவருக்கு மருந்துகள் மேலிருந்த நம்பிக்கை போனது. எலும்பையும் தசையையும் அவற்றின் ஊடே ஓடும் ரத்தத்தையும் நரம்பையும் சீர்செய்தால் உடம்பு தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்ற எண்ணத்துக்கு வந்தார். 1874 ஜூன் 22 என்று அதற்குத் தேதியே குறித்து வைத்தார். மிசௌரி மாநிலத்தின் சிற்றூர்களில் அவரை 'மின்னல் எலும்பு வைத்தியர்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததும் எனக்குப் புத்தூர்க் கட்டுதான் ஞாபகம் வந்தது. 1892ல் கர்க்ஸ்வில் என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள்.

ஐந்தே வருடத்தில், 1897ல், அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1901ல் அதற்கு அமெரிக்கன் ஆஸ்டியோபதிக் அசோசியேஷன் என்று பெயர் மாறியது. சுருக்கமாக ஏ.ஓ.ஏ. குரு உயிரோடு இருக்கிறார், பள்ளியும் நடக்கிறது, பிறகு சங்கம் எதற்கு? என் கேள்வி அன்றைக்கே அங்கே இருந்திருக்கிறது. பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே ஊருக்கு ஊர் 'ஆஸ்டியோபதி' என்று பலகை மாட்டியவர்கள் முளைத்துவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கும் கல்லூரிகளும் வந்துவிட்டன. யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கல்லூரி என்றால் எத்தனை வருடம், என்னென்ன பாடம் என்று வரையறுக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய வேலை சட்டம். இங்கே மருத்துவ லைசென்ஸ் மாநிலத்தின் கையில். ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமாகப் போய் நின்று மன்றாட வேண்டும். வெர்மான்ட் 1896ல் முதலில் சட்டம் போட்டது. டி.ஓ.க்களுக்கு முழு மருத்துவ உரிமையைக் கடைசியாகக் கொடுத்த மிசிசிப்பி, 1973ல்தான் கொடுத்தது. இடையில் 77 வருடம். ஒரு மருத்துவரின் முழு ஆயுளைவிட நீண்ட வேலை அது. எந்தத் தனி மனிதராலும் செய்து முடித்திருக்க முடியாது.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. நிறுவனர் மருந்தை வெறுத்தவர். அவர் 1917ல் இறந்த பிறகு சங்கத்துக்குள் பல வருடம் வாக்குவாதம் நடந்தது. 1920களின் இறுதியில் மருந்தியலைக் கல்லூரிப் பாடமாகச் சேர்க்கச் சங்கம் ஒத்துக்கொண்டது. குருவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்றைக்கு அமெரிக்காவிலும் ஆஸ்டியோபதி முதுகுவலி வைத்தியமாகத்தான் இருந்திருக்கும். கர்க்ஸ்வில்லில் படித்த ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917ல் லண்டனில் பள்ளி தொடங்கினார். அங்கே அது மருந்தில்லாத தனித்தொழிலாகவே நின்றது. என் சித்தி மகன் சொன்னதும் என் மகள் படிப்பதும் பிரிந்த இடம் இதுதான். சங்கம் இன்றைக்கும் தன் அங்கத்தினர்களை 'ஆஸ்டியோபாத்' என்று சொல்லாமல் 'ஆஸ்டியோபதிக் ஃபிசிஷியன்' என்றே அழைக்கச் சொல்லி வற்புறுத்துகிறது. முதலில் இது எனக்கு வீண் கௌரவமாகப் பட்டது. அப்பாவின் ஃபோனையும் லண்டன் ஃபோனையும் நினைத்துப் பார்த்தால் அவர்கள் கவலை புரிகிறது.

எதிர்ப்பு இல்லாமல் இதெல்லாம் நடக்கவில்லை. எம்.டி.க்களின் சங்கமான ஏ.எம்.ஏ. பல பத்தாண்டுகள் ஆஸ்டியோபதியை மூடக் கூட்டம் என்றே சொல்லிவந்தது. ஒரு நோயாளிக்காக டி.ஓ.வுடன் எம்.டி. கலந்து பேசினாலே அது தொழில் ஒழுக்க மீறல். இரண்டாம் உலகப் போரில் டி.ஓ.க்களை ராணுவம் மருத்துவராக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.டி.க்கள் போர்முனைக்குப் போய்விட, ஊரில் மிச்சமிருந்த டி.ஓ.க்களிடம் குடும்பங்கள் வந்தன. போர் முடிந்த பிறகும் பல குடும்பங்கள் அவர்களை விடவில்லை. 1966ல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்நமாரா அனுமதித்த பிறகுதான் ஒரு டி.ஓ. ராணுவ மருத்துவரானார். சரியாக 30 வருடம் கழித்து, 1996ல், ரொனால்ட் பிளாங்க் என்ற டி.ஓ. அமெரிக்கத் தரைப்படையின் தலைமை மருத்துவரானார்.

65 டாலர்

இப்போது கலிபோர்னியா. இந்தக் கதையைப் படித்த இரவுதான் எனக்கு என் முகம் தெரிந்தது.

1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டி.ஓ.க்கள் நிறையப் பேர். லாஸ் ஏஞ்சலிஸில் அவர்களுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது, தங்கள் மருத்துவமனைகளும் இருந்தன. மாநில எம்.டி. சங்கம் அவர்களிடம் ஒரு யோசனையோடு வந்தது. நாம் இரண்டு பேரும் ஒன்றாகிவிடலாம். உங்கள் கல்லூரி எம்.டி. கல்லூரியாகட்டும், நீங்கள் எல்லாரும் எம்.டி. ஆகிவிடுங்கள். இனிமேல் இந்த மாநிலத்தில் புதிதாக டி.ஓ. லைசென்ஸ் வேண்டாம். மாநில டி.ஓ. சங்கத்துக்கு இது பிடித்திருந்தது. சிகாகோவில் இருந்த ஏ.ஓ.ஏ. கூடாது என்றது. கேட்கவில்லை என்றதும் 1960ல் தன் கலிபோர்னியாக் கிளையின் அங்கீகாரத்தையே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான அங்கத்தினர்களும் அவர்கள் கட்டும் சந்தாவும் போகும் என்று தெரிந்தே அப்படிச் செய்தது. மறுக்கும் ஒரு சிறு கூட்டத்துக்குப் புதிய கிளை அமைத்துக் கொடுத்தது.

1961ல் ஒப்பந்தம் ஆனது. 1962 கோடையில் 2,000க்கும் மேற்பட்ட டி.ஓ.க்கள் ஆளுக்கு 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள். அதற்காகத் திரும்பவும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கவில்லை. அந்த வருடம் நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்துப் புதிய டி.ஓ. லைசென்ஸை நிறுத்தினார்கள். கல்லூரி கலிபோர்னியா மருத்துவக் கல்லூரி ஆகி, பின்னாளில் இர்வைன் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியானது.

அந்த வரிசையை என்னால் கண்முன் பார்க்க முடிகிறது. 20 வருடம் நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள். ஒவ்வொரு விருந்திலும், ஒவ்வொரு வங்கியிலும், ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் 'டி.ஓ.ன்னா என்ன?' என்று கேட்கப்பட்டுக் களைத்துப்போனவர்கள். அந்தக் கேள்வியிலிருந்து வாழ்நாள் முழுக்க விடுதலை, விலை 65 டாலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றிருப்பேன். முறுக்குத் தட்டை நீட்டியபோது நான் செய்தது அதுதான். என் மகளின் இரண்டு எழுத்தை ஒரு மாலை நேர நிம்மதிக்காகக் கொடுத்துவிட்டேன். அந்த ராத்திரி சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த 65 டாலருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திரும்பவும் கல்லூரிக்குப் போகச் சொல்லாமல் 2,000 பேரை எம்.டி. என்று ஏற்றுக்கொண்டால், அவர்கள் அதற்கு முந்தின நாளும் முழு மருத்துவர்களாகத்தான் இருந்தார்கள் என்று எதிர்த்தரப்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிறது. அதுவரை 'மூடக் கூட்டம்' என்று சொன்னவர்கள் இனி எப்படிச் சொல்வார்கள்? ஏ.ஓ.ஏ. மட்டும் அன்று கலைந்திருந்தால் இந்த வாதத்தை எடுத்துப் பேச ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அது கலையவில்லை. 1969ல் மிச்சிகனில் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஓர் ஆஸ்டியோபதிக் கல்லூரி வந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த முதல் கல்லூரி அது. அதே வருடம் ஏ.எம்.ஏ.வும் டி.ஓ.க்களை அங்கத்தினராகச் சேர்க்க முன்வந்தது. கலிபோர்னியாவில் டி.ஓ.க்கள் வழக்காடி 1974ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். டி.ஓ. லைசென்ஸ் மீண்டும் திறந்தது. 1977ல் அதே மாநிலத்தில் பொமோனாவில் புதிய கல்லூரி எழுந்தது. இன்று நாடு முழுக்க 40க்கும் மேற்பட்ட கல்லூரிகள்.

சொந்த அங்கத்தினர்களில் பெரும்பாலோர் ஒரு கதவை நோக்கி ஓடும்போது, அந்தக் கதவு வேண்டாம் என்று சொல்லச் சங்கத்துக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியை ரொம்ப நாள் சுமந்தேன். ஜனநாயகம் என்றால் போக விரும்புகிறவர்களைப் போகவிட வேண்டாமா? எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அவர்கள் போவதைச் சங்கம் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. போகிறவர்கள் தங்களுக்குப் பின்னால் கதவையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவதைத்தான் எதிர்த்தது. ஏனென்றால் இன்னும் பிறக்காத மாணவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். என் மகள் பிறந்தது 1996ல். 1960ல் சிகாகோவில் யாரோ சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களுக்கு நஷ்டமான ஒரு முடிவை எடுத்ததால்தான் அவளுக்கு மருத்துவக் கல்லூரியில் ஒரு இடம் இருந்தது.

ஒரே வேலைக்கு இரண்டு பரீட்சை

இதைச் சொல்வதால் சங்கம் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாது. எனக்குக் குறைகள் உண்டு, அவையும் சின்னக் குறைகள் அல்ல.

சந்தா கட்டாவிட்டால் சங்கம் கொடுத்த சிறப்பு மருத்துவச் சான்றிதழும் போய்விடும் என்று ஒரு விதி வெகுநாள் இருந்தது. கண் மருத்துவரோ, குடும்ப மருத்துவரோ, பரீட்சை எழுதி வாங்கிய தகுதி சந்தா ரசீதோடு கட்டப்பட்டிருந்தது. 2016ல் சில டி.ஓ.க்களே நியூ ஜெர்சியில் வழக்குப் போட்டார்கள். 2018ல் சமரசமாகி அந்தக் கட்டு அவிழ்ந்தது. 'முன்னாடி மாதிரி இல்ல இப்ப' என்று மகள் சொன்னது இதைத்தான். ஆளைக் கட்டிப்போட்டுச் சேர்க்கும் சங்கத்துக்கு, தான் எதற்காக இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். அந்த விதி போனது நல்லது. அதை நீதிமன்றத்துக்குப் போகாமல் தானாக எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ரெசிடென்சி. டி.ஓ.க்களுக்கென்று சங்கம் தனியாக நடத்திய பயிற்சி இடங்களின் அங்கீகாரம் 2015 ஜூலை தொடங்கி 2020 ஜூன் வரை ஐந்து வருடத்தில் எம்.டி.க்களோடு பொதுவான அமைப்புக்குக் கைமாறியது. இது இரண்டாவது கலிபோர்னியா என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த முறை கல்லூரிகளும் அவற்றை அங்கீகரிக்கும் அதிகாரமும் பட்டத்தின் எழுத்துகளும் அவர்களிடமே இருக்கின்றன. வாசல் அங்கேயே இருக்க, சுவர் மட்டும் இடிந்திருக்கிறது. இப்போது டி.ஓ. மாணவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல், ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில் இடம் பெறுகிறார்கள். இந்த விஷயத்தில் சங்கம் சரியான முடிவைத்தான் எடுத்தது என்று இப்போது நம்புகிறேன்.

ஆனால் பரீட்சை. டி.ஓ. லைசென்ஸுக்கு காம்லெக்ஸ், எம்.டி. லைசென்ஸுக்கு யு.எஸ்.எம்.எல்.இ. சட்டப்படி என் மகளுக்கு காம்லெக்ஸ் போதும். நடைமுறையில் போதவில்லை. 2020 கோடையில், கொரோனாவால் பரீட்சை மையங்கள் தேதியை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவள் இரண்டையும் எழுதினாள். ஒவ்வொன்றும் ஒரு முழு நாள், ஒவ்வொன்றுக்கும் பல நூறு டாலர். முதல் பரீட்சை முடித்து வந்த அன்று ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்தேன், சாப்பிடாமல் மேசையிலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டாள். ஒரு ரெசிடென்சி இடத்துக்கு அவள் எழுதிக் கேட்டபோது, இரண்டாவது பரீட்சையின் மதிப்பெண் இல்லாத விண்ணப்பத்தை நாங்கள் திறந்தே பார்ப்பதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டும் சமம் என்று சங்கம் அறிக்கை விடுகிறது. சமம் என்று மாணவர்கள் நம்பும்படி செய்வதுதானே அதன் வேலை? பிள்ளைகள் இரண்டாவது பரீட்சைக்குப் பணம் கட்டும் வரை அந்தச் சமத்துவம் காகிதத்தில்தான் இருக்கிறது.

கைவைத்தியத்துக்குள்ளேயும் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. கீழ் முதுகுவலிக்குச் செய்யும் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது, சங்கம் அதற்கு வழிகாட்டு நெறிகளும் வெளியிட்டிருக்கிறது. மண்டை ஓட்டு எலும்புகளின் நுண் அசைவைக் கையால் உணர்ந்து சீர்செய்வதாகச் சொல்லும், சதர்லாண்ட் என்ற டி.ஓ.வின் முறைக்கு அப்படிப்பட்ட ஆதாரம் கிடையாது. ஆனாலும் அது பாடத்திலும் பரீட்சையிலும் இருக்கிறது. மருந்து விஷயத்தில் குருவையே தாண்டி வந்த சங்கம் இதில் ஏன் தயங்குகிறது? மகளும் இதையே கேட்கிறாள், என்னைவிடக் கடுமையாக.

ஆனால் 2020 அக்டோபரும் ஞாபகம் வருகிறது. அதிபர் டிரம்ப் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்தார். அவருடைய மருத்துவர் ஷான் கான்லி ஒரு டி.ஓ. அவர் சொன்ன தகவல்களைக் கேள்வி கேட்பது பத்திரிகையாளர்களின் கடமை. ஆனால் பேச்சு அங்கே நிற்காமல் அவருடைய பட்டத்தின் மேல் போனது. டி.ஓ. என்றால் உண்மையான டாக்டரா என்று நாடே பேசியது. மூன்றாம் வருட மாணவியான என் மகள் அன்று மருத்துவமனையிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் டி.வி. முன்னால் நின்றாள். சங்கம் உடனே மறுப்பு அறிக்கை விட்டது. அதை ஃபோனில் படித்துவிட்டு, "யாராவது சொன்னாங்களே" என்றாள். நான் தீபாவளியன்று சொல்லாததை யாரோ ஒருவர் சிகாகோவிலிருந்து சொல்லியிருந்தார்.

90 வினாடி

2023ல் அப்பா இங்கே வந்தார். 20 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பினார். 78 வயது. "எங்க ஊர்ல காலால பொறந்தவன் மிதிச்சா சுளுக்குப் போயிரும்பாங்க. இங்க யாரு இருக்கா?" என்றார். மகள் அப்போது ரெசிடென்சி இரண்டாம் வருடம். சிரித்துக்கொண்டே, "நான் தலையால பொறந்தவதான் தாத்தா. படுங்க, பாக்கலாம்" என்றாள்.

முதலில் ஒரு டாக்டராகத்தான் ஆரம்பித்தாள். கையில் மரமரப்பு இருக்கிறதா, விரல்களில் பலம் குறைந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, விழுந்தாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். கழுத்தை வெடுக்கென்று திருப்பும் முறை அவர் வயதுக்குச் செய்யக் கூடாது என்று என்னிடம் சொன்னாள். பிறகு தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையின் விரல் நுனிகளையும் அவர் கழுத்தின் பின்பக்கம் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தாள். கண்ணை மூடியிருந்தாள். நான் அரிசியில் கல் பார்ப்பதுபோல் இருந்தது அந்த விரல்களின் நடை. ஓர் இடத்தில் நின்றது. "இங்க வலிக்குதா?" அப்பாவின் புருவம் சுருங்கியது. அந்த இடத்தில் ஒரு விரலை வைத்தபடியே அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், கொஞ்சம் திருப்பினாள். "இப்ப?" "குறையுது." இன்னும் ஒரு நூலளவு. "இப்ப?" "இல்ல." அப்படியே பிடித்துக்கொண்டாள். 90 வினாடி. லாரன்ஸ் ஜோன்ஸ் என்ற டி.ஓ. 1955ல் கண்டுபிடித்த முறையாம். வலி அடங்கும் நிலையில் வைத்துத் தசைக்கு நேரம் கொடுப்பது. வேறொன்றும் இல்லை. கடிகாரச் சத்தமும் அப்பாவின் மூச்சும் மட்டும் கேட்டன. பிறகு மிக மெதுவாகத் தலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள்.

அப்பா எழுந்து உட்கார்ந்து வலது பக்கம் பார்த்தார். முழுக்க இல்லை, முக்கால் பங்கு திரும்பியது. மறுநாள் மிச்சம் சரியானது. தானாகவேகூடச் சரியாகியிருக்கும் என்று அவளே சொன்னாள், அந்த நேர்மையும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அப்பா வேறொன்றைக் கவனித்திருந்தார். "இத்தனை வருஷம் டாக்டருங்ககிட்ட போறேன். எவ்வளவு நாள் ஆச்சும்மா ஒரு டாக்டர் என்னைத் தொட்டுப் பார்த்து" என்றார். அடுத்த வாரம் கோயிலில் அறிமுகமான ஒருவரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "பேத்தி டி.ஓ. டாக்டர். ஆமாங்க, டி.ஓ. அது என்னன்னா…" என்று தொடங்கிப் பத்து நிமிடம் விளக்கினார். பாதி தப்பு. ஆனால் அந்த இரண்டு எழுத்தை இரண்டு தடவை, சத்தமாகச் சொன்னார்.

தோசைக் காலைக்கு மறுநாள் மகளிடம் பேசினேன். கலிபோர்னியாவைச் சொன்னேன், 65 டாலரைச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கதை முன்பே தெரியும், கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாதது நான் அந்த வரிசையில் நின்றிருப்பேன் என்பது. அதையும் சொன்னேன். "2018 தீபாவளி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கும்மா" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் என் தோளில் கை வைத்து, பழக்கத்தில் விரலால் ஓர் இடத்தை அழுத்திப் பார்த்து, "இங்க ரொம்ப டைட்டா இருக்கு, தெரியுமா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து ஃபோன் செய்தாள். "சந்தா கட்டிட்டேன்மா. கூடவே ஒரு மெயிலும் அனுப்பியிருக்கேன், ரெண்டு பரீட்சை விஷயமா. கடைசி பாராவை மட்டும் படிக்கிறேன், ரொம்பக் கோபமா இருக்கான்னு சொல்லு." படித்தாள். கோபமாகத்தான் இருந்தது. மாற்றாதே என்றேன்.